தாழ்ந்து செல்லும் வண்டி

மோட்டார் வண்டி என்றவுடன் விரைவே நினைவுக்கு வருகின்றது. மணிக்கு எத்தனை கல் ஓடும் என்பதே அதனைப் பற்றி எவரும் கேட்கும் முதற் கேள்வி. விரைவை நாடாத மோட்டார் வண்டியும் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கிழக்குப் பகுதியில் உள்ள விட்டியர் பெருவீதியில், ஞாயிறு மாலைகளில் அத்தகைய வண்டிகள் வரிசையாக ஊர்ந்து செல்வது பல்லாண்டு வழக்கம். அவற்றின் அடிப்பாகம் தரையை உரசுவதுபோல் தாழ்ந்திருக்கும். மேனியில் ரோசாமலர்களும் கொடிகளும் சுடர்விடும். கண்டு களிக்கச் சாலையின் இருமருங்கும் மக்கள் கூடி நிற்பர். நம் ஊர்த் தேர் வீதிவலம் வருகையில் அதன் மெல்லிய நடையே அழகாவதுபோல, இவ்வண்டிகளுக்கும் மெதுவே பெருமை. தாழ்ந்து செல்வது என்னும் பொருள்பட இவற்றை ‘லோரைடர்’ என்று அழைப்பர்.

இவற்றை உருவாக்கியவர்கள் மெக்சிகோ வழிவந்த அமெரிக்கக் குடும்பத்தினர். கலிபோர்னியாவும் நியூ மெக்சிகோவும் 1848 வரை மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த நிலங்களே. அங்கே வழிவழியாக வாழ்ந்தோரும் பின்னர்க் குடியேறியோரும் நகரத்தின் ஓரங்களில் கடின உழைப்பால் வயிறு வளர்த்தனர். இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபின், பழைய மோட்டார் வண்டிகள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. புதிய வண்டி வாங்க இயலாத தந்தை பழைய வண்டியொன்றை வாங்கி வந்து வீட்டின் பின்புறத்தில் நிறுத்துவார். துருவேறிய கதவும் நெளிந்த மூடியுமாக நிற்கும் அவ்வண்டியைத் தந்தையும் மக்களும் மாலை வேளைகளில் கூடித் திருத்துவர். அக்காலத்து வேறு இளைஞர் பலர் எஞ்சினின் ஆற்றலைப் பெருக்கி ஓட்டப் பந்தயம் விட்டனர். இவர்களோ வண்டியைத் தாழ்த்தி, அழகு செய்து, ஊரார் காண மெல்ல ஓட்டினர். பின்புறப் பெட்டியில் மணல் மூட்டைகளை அடுக்கினால் வண்டி தாழும். சக்கரங்களுக்கு மேலுள்ள சுருள்வில்லில் ஒரு சுற்றை வெட்டினாலும் தாழும். தொடக்கத்தில் இத்தகைய வழிகளையே கையாண்டனர்.

இவ்வழக்கத்துக்கு ஒரு தடை வந்தது. 1950-களின் பிற்பகுதியில் கலிபோர்னிய அரசு ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. சக்கரத்தின் இரும்பு வளையத்தினுடைய கீழ்விளிம்பைக் காட்டிலும் வண்டியின் எப்பகுதியும் தாழ்ந்திருத்தல் ஆகாது என்பது அவ்விதி. மணல் மூட்டையை நடுவழியில் இறக்க இயலாது. வெட்டிய சுருள்வில் மீண்டும் வளராது. ஆகவே காவலர் நிறுத்தினால் தண்டம் செலுத்துவதன்றி வேறு வழி இல்லை.

சான் பெர்னார்டினோ என்னும் ஊரில் ரான் அகிரே என்ற இளைஞர் இருந்தார். அவரிடம் கார்வெட் வகை வண்டி ஒன்று இருந்தது. அதனை ஓட்டுநர் விரும்பும்போது தாழவும் விரும்பும்போது உயரவும் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். தந்தையார் உடன் நின்று உதவினார். போருக்குப்பின் கழிக்கப்பட்ட விமானங்களின் உறுப்புகள் அந்நாளில் மலிவாகக் கிடைத்தன. விமானத்தின் இறக்கையிலுள்ள மடிப்புகளையும் சக்கரங்களையும் இயக்கிய எண்ணெய்ப் பம்புகள் அவற்றுள் சில. அத்தகைய பம்புகளையும் வால்வுகளையும் வண்டியில் பொருத்தி, 1959-இல் அவர் தம் நோக்கத்தை நிறைவேற்றினார். ஒரு சிறு விசையைத் தட்டினால் வண்டி எழும். மீண்டும் தட்டினால் அமரும். காவலர் அளந்து பார்க்கக் குனியும் வேளையில் வண்டி விதிக்கு உட்பட்டு நிமிர்ந்து நின்றது. சட்டத்தை ஏய்க்கும் தந்திரம் இது என்று குறை கூறுவாரும் உண்டு. விதி கேட்ட உயரத்தை வண்டி காட்டியது என்பதையும் அவர்கள் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

பெரும் பாரத்தைச் சிறு பம்பு தூக்குவது எங்ஙனம்? 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட உண்மை இதற்கு அடிப்படை. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். ஒரு சதுர அங்குலப் பரப்புள்ள சிறு குழாயில் 10 கிலோ எடையளவு அழுத்தினால், அதனோடு இணைந்த 20 சதுர அங்குலப் பரப்புள்ள பெருங்குழாய் 200 கிலோவைத் தாங்கும். இலாபம் முழுவதும் இலவசம் அன்று. பெருங்குழாய் ஓர் அங்குலம் உயரச் சிறு குழாயில் 20 அங்குலம் தள்ளவேண்டும். வண்டியில் அவ்வேலையை மின்கலத்தால் ஓடும் பம்பு இடைவிடாமல் செய்கின்றது. அது எண்ணெயைத் தள்ள, சக்கரத்தின் அருகே உள்ள உருளையில் தண்டு நீண்டு வண்டியை உயர்த்துகின்றது. வால்வைத் திறந்தவுடன் வண்டியின் எடையே எண்ணெயைத் திருப்பி அனுப்பிவிடும்.

எழுவதும் அமர்வதும் வியப்பூட்டினும், லோரைடரின் உயிர் அதன் வண்ணத்திலே உள்ளது. வண்ணம் பூசுதல் என்றால் தூவுகருவியை எடுத்து அடித்துவிடுவது என்று அறியாதோர் எண்ணுவர். அது பத்து நாள் வேலையின் கடைசி நாள் மட்டுமே.

முதலில் வண்டியைச் சோப்பு நீரால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கும் மெழுகும் எஞ்சாமல் துடைத்தல் வேண்டும். விரலின் எண்ணெய்க் கறை ஒன்று தங்கினாலும் அங்கே வண்ணம் பிடியாமல் சிறு குழியாக விலகி நிற்கும். பின்னர்த் துருவைத் தேடவேண்டும். துரு என்பது இரும்பும் காற்றிலுள்ள உயிர்வளியும் ஈரமும் சேர்ந்து விளைவது. அதன்மேல் எத்தனை அழகிய வண்ணம் பூசினும், அடியில் அது பரவி, சில திங்களில் கொப்புளமாக வெடிக்கும். ஆகவே வெள்ளிபோல் மின்னும் இரும்பு தெரியும் வரை சுரண்டுதல் இன்றியமையாதது. நெளிவுகளை உட்புறமிருந்து தட்டி நிமிர்த்தி, எஞ்சிய பள்ளங்களில் மக்கு வைத்து நிரப்புவர். மக்கில் இறுக்கும் பொருளைக் கலந்த சில நிமிடங்களில் அது கல்லாகிவிடும். எனவே சிறிது சிறிதாகவே கலக்கவேண்டும்.

அடுத்து வருவது உப்புத்தாள். பிள்ளைகளின் கை இங்கேதான் பெரிதும் பயன்படுகின்றது. தாளின் பின்புறம் அச்சிட்ட எண் பெரிதாகப் பெரிதாகத் தாள் மென்மையாகும். 80 எண் தாள் மக்கைச் சீவும்; 180 அதன் கீறலை ஆற்றும்; 400, 600 எண் தாள்களை நீரில் நனைத்துத் தேய்த்தால் பரப்பு கண்ணாடிபோல் ஆகும். இடையில் ஓர் எண்ணைத் தாண்டிச் செல்லச் சிறுவருக்கு ஆசை வருவது இயல்பு. தாண்டினால் அன்று ஒன்றும் தெரியாது. வண்ணம் உலர்ந்து சுருங்கிய இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னர், 80 எண் தாளின் கீறல்கள் வெயிலில் கோடு கோடாகத் தோன்றும். அப்போது அனைத்தையும் உரித்து மீண்டும் தொடங்கவேண்டியதுதான்.

பரப்பு சமமாயிற்றா என்று அறியப் பட்டறைகளில் ஓர் எளிய வழி உண்டு. அடிப்பூச்சின்மேல் கருஞ்சாயத்தைப் பனிபோல் மெல்லத் தூவி உலரவிடுவர். பின்பு மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ப்பர். மேடான இடங்களில் கருமை முதலில் நீங்கும். பள்ளத்தில் கருமை எஞ்சி நின்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதே அது. கண்ணுக்குத் தப்பிய நெளிவைக் கை கண்டுபிடிக்கும். பழகிய தந்தை தம் கையால் ஓரிடத்தைத் தடவி ஒன்றும் கூறாமல் பிள்ளையின் கையை அவ்விடத்தில் வைப்பார். சில முறை கழிந்தபின் பிள்ளை தானே அந்த இடத்தைக் கண்டு உப்புத்தாளை எடுத்துக்கொள்ளும்.

இனி வண்ணம். சாதாரண வண்டியின் வண்ணம் ஒளி ஊடுருவாதது. லோரைடருக்கு உகந்ததோ ‘காண்டி’ எனப்படும் வண்ணம். கற்கண்டுப் பாகில் தோய்த்த பழம்போல் ஒளிர்வது. 1950-களில் கலிபோர்னியாவின் ஜோ பெய்லன் என்பவர் இம்முறையைப் புகழ்பெறச் செய்தார். முதலில் வெள்ளி அல்லது பொன் நிறத் துகள் கலந்த பூச்சு. அதன்மேல் சிவப்போ நீலமோ கலந்த தெளிந்த பூச்சு. அனைத்துக்கும் மேலே நிறமற்ற பூச்சு. ஒளி தெளிந்த நிறத்தின் ஊடே புகுந்து, அடியிலுள்ள துகள்களில் பட்டுத் திரும்பி, மீண்டும் அந்நிறத்தின் ஊடே வெளிவருகின்றது. இருமுறை கடந்து வருவதால் நிறத்துக்கு ஆழம் உண்டாகின்றது. நிழலில் கருஞ்சிவப்பாக நின்ற வண்டி வெயிலுக்கு வந்தவுடன் தீக்கங்குபோல் எரிவது இக்காரணம் பற்றியே.

இவ்வழகுக்கு விலையும் உண்டு. தெளிந்த பூச்சு ஒவ்வொரு முறை படியும்போதும் நிறம் மேலும் கறுக்கும். ஓரிடத்தில் கை ஒரு நொடி தயங்கினால் அங்கே கரிய பட்டை விழும். தூவுகருவியை மேனியிலிருந்து ஒரு சாண் அளவு தள்ளிப் பிடித்து, ஒரே வேகத்தில், முந்தைய பட்டையின் பாதியை அடுத்த பட்டை மறைக்குமாறு கொண்டுசெல்ல வேண்டும். பிற்காலத்தில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்த இயலாது; கதவு முழுவதையும் மீண்டும் பூசவேண்டும். அப்போதும் பழைய நிறம் அப்படியே பொருந்துமா என்பது ஐயம்.

தூவும் வேளையில் பிள்ளைகள் அருகில் நிற்றல் தகாது. இக்காலத்து வண்ணங்கள் பலவற்றில் சேரும் ஐசோசயனேட் என்னும் பொருள் மூச்சுக்குழலைக் கெடுக்கும். பெரியோரும் தக்க முகமூடி அணிந்து, காற்றோட்டமுள்ள அறையிலேயே தூவுதல் வேண்டும்.

மலர் வேலைப்பாட்டுக்கு வீட்டிலேயே கருவி உண்டு. மேசைவிரிப்பாகப் பயன்பட்ட பூப்பின்னல் துணியைக் கூரையின்மேல் இறுக விரித்து, அதன்மேல் வேறு நிறத்தைத் தூவி, துணியை எடுத்தால் பின்னலின் வடிவம் அப்படியே பதிந்திருக்கும். மெல்லிய கோடுகளை அணில் மயிரால் ஆன நீண்ட தூரிகையால் இழுப்பர். இவ்வகை வண்டிகளுள் பெரும்புகழ் பெற்றது ‘ஜிப்சி ரோஸ்’. ஜெசி வாலடெஸ் என்பவர் 1964-ஆம் ஆண்டு உருவான செவர்லே இம்பாலா வண்டியை ரோசாமலர்களால் நிறைத்தார். 2017-இல் அது தலைநகர் வாஷிங்டனில் கண்ணாடி அறையொன்றில் மக்கள் காண வைக்கப்பட்டது.

அப்பெருமை வந்த ஆண்டிலும் கலிபோர்னியாவில் பழைய விதி நீங்கவில்லை. வீதியில் மெதுவாக உலாவருவதையே தடைசெய்யவும் ஊராட்சிகளுக்கு உரிமை இருந்தது. இவ்விரண்டையும் நீக்கும் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, 2024 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 65 ஆண்டுகள் கழிந்தன. அகிரே எண்ணெய்ப் பம்பு பொருத்தியபோது இளைஞராய் இருந்தோர் அதற்குள் பாட்டனார் ஆகிவிட்டனர்.

நியூ மெக்சிகோவின் வடபகுதியில் சிமாயோ என்னும் சிற்றூர் உள்ளது. கம்பள நெசவுக்குப் பெயர்பெற்ற மலையூர் அது. அங்கு வாழ்ந்த டேவிட் ஹரமியோ என்பவர் 1970-களின் நடுவில், 1969-ஆம் ஆண்டு உருவான போர்டு எல்.டி.டி. வண்டி ஒன்றை வாங்கினார். தம் மனைவியும் சிறு மகனும் தாமும் சேர்ந்து உலாவரும் குடும்ப வண்டியாக அதனை அழகு செய்யத் தொடங்கினார். வேலை முடியவில்லை. 1978-இல் அவர் சாலை விபத்தில் உயிர்நீத்தார்.

பாதி முடிந்த வண்டியை விற்றுவிடுதல் எளிது. மனைவிக்கு அதற்கு மனம் இசையவில்லை. குடும்பத்தாரும் அவ்வட்டாரத்து வண்ணக்காரரும் இயந்திரக் கைவினைஞரும் ஒன்றுகூடி, அவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தனர். பம்புகள் பொருத்தப்பட்டன, இருக்கைகளுக்கு வெல்வெட் தைக்கப்பட்டது, செந்நிற மேனி மெருகேறியது. ‘டேவின் கனவு’ என்று அவ்வண்டிக்குப் பெயர் வழங்கிற்று. 1990-இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் அதனைப் பெற்றுக்கொண்டது. வேலை முடிந்த அவ்வண்டியில் மகனுடன் உலாவரத் தந்தைக்கு வாய்க்கவில்லை. வண்டியின் மேனியில் எழுதப்பட்ட ஓவியத்தில் தந்தையும் தாயும் மகனும் மூவரும் சேர்ந்தே இருக்கின்றனர்.