வாசல் கோலமும் கோடிங்தான்!

"வீட்டுல கம்ப்யூட்டரே இல்ல தம்பி. பையன் எப்படி கோடிங் படிப்பான்?" வானொலியில் இந்தத் தலைப்பைப் பேசும் போதெல்லாம் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து, குறிப்பாக பகாவ், ரந்தாவ் பக்கமிருந்து அழைக்கும் தாய்மார்கள் கேட்பது இது. நியாயமான கேள்விதான். ஆனால், கோடிங் கணினியில் தொடங்குவதில்லை. யோசிக்கும் முறையில் தொடங்குகிறது.

அதைத்தான் கணினிசார் சிந்தனை என்கிறார்கள். பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிப்பது, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பது, தேவையற்றதை ஒதுக்குவது, செய்முறையை வரிசைப்படுத்துவது. அவ்வளவுதான்.

பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிக்கு இது புதிதல்ல. மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. காய்ந்திருந்தால் உண்டு. ஒரு மரம் முடிந்தால் அடுத்த மரம், நிரை முடியும்வரை. 'இப்படி இருந்தால் இதைச் செய்', 'முடியும்வரை திரும்பச் செய்' என்ற இந்த இரண்டும்தான் கணினி நிரலின் உயிர்நாடி.

வாசல் கோலமும் அப்படித்தான். சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி அறிவியல் கண்ணோட்டத்தில் ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். தாளில் புள்ளி வையுங்கள். 'வலப்பக்கம் இரண்டு புள்ளி போ, மேலே திரும்பு' என்று பிள்ளை சொல்லட்டும். சொன்னதை மட்டும் நீங்கள் வரையுங்கள். கோலம் கோணலானால், எந்தக் கட்டளை தவறு என்று பிள்ளையே தேடித் திருத்தட்டும். நிரலாளர்கள் தினமும் செய்யும் வேலை இதுதான்.

இதை ஏன் இப்போதே செய்ய வேண்டும்? 2017 முதல் நம் பள்ளிப் பாடத்திட்டத்தில் கணினிசார் சிந்தனை சேர்க்கப்பட்டது. இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-இல் கணினி அறிவியல் அடிப்படை, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஆகிய இரண்டில் ஒன்று வரும். முன்பின் பழக்கமில்லாத பிள்ளை கணினி என்றதும் ஒதுங்கிக்கொள்ளும். அந்தக் கதவைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே மூடிவிடக் கூடாது.

அடுத்த படி, 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வெளியிட்ட ஸ்கிராட்ச். இலவசம். ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் லைன் இல்லாத தோட்டத்திலும் ஓடும். ஒரு கணினியை நான்கு பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளலாம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒன்று மட்டும் கேளுங்கள்: பள்ளியின் கணினி அறையை வாரம் ஒரு மணி நேரம் இதற்காகத் திறந்துவிட முடியுமா?