மலிவாகத் தெரியும் நினைவகச் சில்லு நிறுவனங்கள்

நான் கணக்கியல் பயில்வதால், “எந்தப் பங்கு மலிவு?” என்று நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. பங்கு விலையை ஒரு பங்குக்குரிய ஆண்டு இலாபத்தால் வகுத்துப் பார்ப்பதே பலரும் அறிந்த வழி. நினைவகச் சில்லு தயாரிக்கும் நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

செம்பனை எண்ணெய் வாங்குபவர் பெரும்பாலும் விலையைத்தான் பார்ப்பார். கணினிக்கும் கைத்தொலைபேசிக்குமான வழக்கமான நினைவகச் சில்லும் அப்படித்தான். சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்றும் போட்டி போடுவது பெரும்பாலும் விலையில். விலை ஏறினால் எல்லாரும் ஆலையை விரிவாக்குவார்கள். அது முடிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் தேவை குறைந்துவிடலாம். இயந்திரத்தை நிறுத்தினாலும் தேய்மானச் செலவு நிற்காது. ஆகவே உற்பத்தி தொடரும், சரக்கு குவியும், விலை சரியும். என் அத்தை ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். விற்பனை மந்தமானதை நாளிதழ் சொல்லும் முன்பே, சம்பளச் சீட்டில் ஓ.டி. குறைவதைக் கண்டு அவர் சொல்லிவிடுவார்.

மைக்ரோனை எடுத்துக்கொள்வோம். 2018 நிதியாண்டில் அதன் இலாபம் ஏறத்தாழ 14.1 பில்லியன் அமெரிக்க டாலர். 2018 டிசம்பர் முடிவில் பங்கு விலையோ, ஒரு பங்குக்குரிய இலாபத்தைப்போல் 3 மடங்குகூட இல்லை. பார்த்தால் மிக மலிவு! ஆனால் அந்த இலாபம் நீடிக்கும் என்று சந்தை நம்பவில்லை. 2020இல் இலாபம் 2.7 பில்லியனாகச் சுருங்கியது. 2023இல் 5.8 பில்லியன் நட்டம். 2025இல் மீண்டும் 8.5 பில்லியன் இலாபம். இவற்றில் எந்த ஓர் ஆண்டை வைத்தும் நிறுவனத்தை மதிப்பிட முடியாது. நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்க்கவேண்டும். கடன் போக எஞ்சும் நிகரச் சொத்தையும் பார்க்கவேண்டும். 2018 முடிவில் மைக்ரோன் பங்குகளின் மொத்த விலை, அதன் நிகரச் சொத்தைவிடச் சற்றே கூடுதலாக நின்றது.

சொத்து மட்டும் இருந்தால் போதுமா? ஜப்பானின் எல்பிடா நிறுவனம் அதற்குப் பதில் சொல்கிறது. என்இசி, ஹித்தாச்சி ஆகியவற்றின் நினைவகப் பிரிவுகள் 1999இல் இணைந்து உருவானது அது. கணினி விற்பனை மந்தம், யென்னின் மதிப்பு உயர்வு, கொரிய நிறுவனங்களின் போட்டி ஆகிய மூன்றும் அதை நெருக்கின. 2009இல் அரசாங்கம் கைகொடுத்தும் மீளவில்லை. 2012 பிப்ரவரியில், ஏறத்தாழ 448 பில்லியன் யென் கடனுடன் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. ஹிரோஷிமாவில் ஆலை இருந்தது. திறமையான பொறியாளர்கள் இருந்தனர். கடனைக் கட்டப் பணம் இல்லை. 2013இல் மைக்ரோன் அதை வாங்கியபோது, பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மைக்ரோனுக்குப் பினாங்கின் பத்து காவானிலும் ஜொகூரின் மூவாரிலும் தொழிற்சாலைகள் உண்டு. இத்தகைய நிறுவனங்களுக்கு நம்மில் பலர் பட்டம் பெற்றதும் விண்ணப்பம் அனுப்புவோம். பங்கு வாங்குபவர் மட்டுமன்றி, வேலை தேடுபவரும் ஆண்டறிக்கையைப் புரட்டி ஒன்றைப் பார்க்கலாம்: அடுத்த மந்த காலம் வந்தால், இந்த நிறுவனத்தின் ரொக்கக் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்?