மட்டை நரம்பும் முழங்கை நலமும்

எந்த ஆட்டமாயினும் கருவியின் இயல்பறிந்து கையாளுவோர்க்கே அது முழு இன்பம் தரும். கோவை, திருப்பூர், ஈரோடு எனக் கொங்குநாட்டு நகரங்களில் இன்று இறகுப்பந்து உள்ளரங்குகள் பெருகியுள்ளன. விடியலில் நடுவயதினரும் மாலையில் மாணவரும் அங்கே கூடுகின்றனர். மட்டையின் நிறம், எடை, விலை ஆகியவற்றைக் கடைதோறும் விசாரிக்கும் நாம், அதில் கட்டப்பெறும் நரம்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. பந்தைத் தொடுவதோ நரம்பு. அதிர்ச்சியைத் தாங்குவதோ நம் முழங்கை.

நெசவறிந்த நம் மண்ணுக்கு மட்டை கட்டும் முறை புதிதன்று. முதலில் நெடுக்கில் நரம்புகளை இழுத்துக் கட்டுவர், இது பாவு. பின்னர்க் குறுக்கு நரம்பை ஒன்றன் மேலும் அடுத்ததன் கீழுமாகக் கோத்துச் செல்வர், இது ஊடை. பவானி ஜமக்காளத் தறியில் காணும் அதே பின்னலே இங்கும் உண்டு. தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவின் ஆங்கிலப் பெயரே 'ஷட்டில்' என்று இப்பந்துக்கும் ஆயிற்று.

ஆடுகளத்தில் நரம்பைக் 'கட்' என வழங்குவர். குடல் என்பதே அச்சொல்லின் பொருள். முற்காலத்தில் விலங்கின் குடலிலிருந்தே மட்டை நரம்பு செய்தனர். 1938-இல் அறிவிக்கப்பெற்ற நைலான் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. இன்றைய தரமான நரம்பு ஒற்றைக் கம்பியன்று. நுண்ணிய நைலான் இழைகள் பல திரண்ட உள்ளீடும், அதனைச் சுற்றிப் பின்னிய உறையும் கொண்டது. ஒற்றைத் தடித்த இழை விறைப்பானது. பல இழைத் திரளோ நெகிழ்ந்து கொடுக்கும். 1888-இல் முதல் நூற்பாலையைக் கண்ட கோவைக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அதிர்ச்சி குறைவது எவ்வாறு? கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னிழுத்துக்கொள்கிறார். பந்து நிற்கும் நேரம் நீள்கிறது. கையில் விழும் விசை குறைகிறது. நரம்பும் அவ்வாறே. சற்றுத் தளர்ந்த நரம்பு உள்வாங்கிப் பந்தை நெடுநேரம் தாங்கும். மிக இறுகிய நரம்போ பலகை போல் எதிர்க்கும். இறகுப்பந்தின் எடை 4.74 முதல் 5.50 கிராம் வரைதானே என்று எண்ணலாகாது. ஒருவர் ஒரு மாலையில் பன்னூறு முறை அடிக்கிறார். நடுப்பகுதி தவறி ஓரத்தில் படும் ஒவ்வோர் அடியும் பிடியை முறுக்கி அதிர்விக்கும்.

எனவே முதலில் நோக்கவேண்டுவது இழுவிசை. இது பவுண்டில் அளக்கப்பெறுகிறது. உலக வீரர்கள் 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 13.6 கிலோ, அளவிலும் கட்டுவர். அவர்தம் அடி பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே விழும். அவரைப் பார்த்து நாமும் அவ்வளவு இறுக்கினால் மிஞ்சுவது வலியே. புதியவர்க்கும் முழங்கை வலியுடையார்க்கும் 18 முதல் 22 பவுண்டு போதுமானது. மட்டையில் அச்சிட்டுள்ள உச்ச வரம்பை எவரும் மீறலாகாது.

அடுத்தது நரம்பின் வகை. பருமன் பெரும்பாலும் 0.61 முதல் 0.70 மி.மீ. வரை அமையும். மெல்லியது கூர்மையான ஓசையும் துள்ளலும் தரும், விரைவில் அறும். தடித்தது நீடித்துழைக்கும். ஆயினும் பருமன் ஒன்றே மென்மையைத் தீர்மானிப்பதில்லை. யோனெக்ஸ் பிஜி 65 நரம்பின் பருமன் 0.70 மி.மீ.; பிஜி 80-இன் பருமன் 0.68 மி.மீ. வேறுபாடு மிகச் சிறிதே. ஆனால் முன்னது மென்மையான உணர்வு தருவதென்றும் பின்னது கடினமானதென்றும் அந்நிறுவனமே வகைப்படுத்துகிறது. ஆகவே மெல்லுணர்வு நரம்பு எதுவெனக் கேட்டு வாங்குதல் நன்று.

மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநாண் முழங்கையின் வெளிப்புற எலும்பில் பொருந்தியுள்ளது. அது மிகையுழைப்பால் நைவதே 'டென்னிஸ் முழங்கை'. நாற்பது வயதை ஒட்டியவர்க்கு இது மிகுதி. டென்னிஸ் ஆடாதாரையும் இது வருத்தும். நரம்பை மாற்றுவதால் சுமை குறையலாம், நோய் தீராது. பிடியை எந்நேரமும் இறுக்கிப் பற்றாமல் அடிக்கும் கணத்தில் மட்டும் இறுக்குவதும், கைக்கேற்ற பிடியைத் தேர்வதும், ஆடுமுன் உடலைத் தளர்த்துவதும் வேண்டும். வலி தொடர்ந்தால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

மேலும் சில கூறுவோம். நரம்பு கட்டிய நாள்முதல் சிறிது சிறிதாகத் தளரும். அறாவிடினும் உயிரிழந்த நரம்பில் பந்து பறக்காது. அதனை ஈடுசெய்யக் கை மிகையாக உழைக்கும். ஒரு நரம்பு அறுந்தால் எஞ்சியவற்றையும் நடுவிலிருந்து உடனே வெட்டிவிடுதல் நலம். இல்லையேல் சட்டம் கோணும். கட்டுபவரிடம் இழுவிசையைக் கூறிக் கட்டச்செய்து, நாளையும் அளவையும் குறித்து வைத்தால், அடுத்த முறை ஒரு பவுண்டு கூட்டவோ குறைக்கவோ தெளிவு பிறக்கும்.

புதிய மட்டையின் விலையோடு ஒப்பிடின் நரம்பின் செலவு சிறிது. அதனைத் தேர்வதில் காட்டும் சிறு கவனம், இளைஞரை வலியின்றி வளரச் செய்யும். மூத்தோரை ஆடுகளத்தைவிட்டு விலகாது காக்கும். பிறர் மட்டையின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டா. நம் கையின் வலிமையறிந்து கட்டுவோம்.