தாழ்ந்த கராஜுக்கு ஏற்ற தூக்கி

வெள்ளவத்தையிலே நம் பழைய மாணவ அன்பர் ஒருவர், தம் மொறிஸ் மைனர்க் காரைத் தூக்கிப் பழுதுபார்க்க ஒரு பொறி வாங்க விரும்பி எம்மையும் அழைத்தார். கராஜ் 8 அடி உயரமென்று எண்ணியிருந்தோம். குறுக்குச் சட்டத்தின் கீழ் அளந்தபோது 7 அடி 6 அங்குலமே இருந்தது. காரின் உயரம் 5 அடி. நான்கங்குல இடைவெளி விட்டால் உயர்த்தக்கூடியது 26 அங்குலமே.

ஆளுயரத்துக்குத் தூக்கும் இருதூண் பொறி இங்கு ஆகாது. கத்தரிபோல விரியும் தாழ்ந்த தூக்கியே பொருந்தும். சிறு பலகையிற் படுத்தவாறு எண்ணெய் மாற்றலாம். பொனற்றைத் திறந்தபடி உயர்த்தலாகாது.

குழி தோண்டினால் என்னவென்று அன்பர் வினவினார். கடலோர நிலத்திலே மழைக்காலத்திற் குழியில் நீர் ஊறும். காற்றினுங் கனத்த பெற்றோல் ஆவியும் அதனுள்ளே தங்கித் தீப்பற்றக்கூடும். ஆதலின் நாம் அதற்கு உடன்பட்டிலேம்.

எண்ணெயமுக்கத்தை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகுதல் உயிருக்கு ஆபத்து. குழாய் வெடித்தாலும் வண்டியைத் தாங்கிநிற்கும் இரும்புப் பூட்டு உள்ள தூக்கியையே வாங்குதல் வேண்டும். உப்புக்காற்றில் அப்பூட்டுத் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் அது விழுந்து பொருந்தியதைக் கண்ணாற் கண்ட பின்னரே கீழே படுக்குமாறு அன்பரிடம் வற்புறுத்தி வந்தோம்.