கன்ட்ரோல், ஷிப்ட், ஜி

பெங்களூரு ஈஜிபுராவில் வாடகை வீடு, பக்கத்துக் கோரமங்கலாவில் வேலை என்று இருக்கும் தமிழர்களில் நானும் ஒருவன். ஈஜிபுரா மேம்பால வேலை 2017இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்ததில் தெரு மாறியது கொஞ்சம்தான். எங்கள் தொழில் மாறியது அதிகம். இயந்திரக் கையேடுகளைப் பக்கமாக்கும் தொழில் இது.

எழுத்தைப் புகைப்படத் தாளில் எடுத்த புரோமைடு காலத்தில் படத்தைத் தாளில் ஒட்டி, உறுப்புப் பெயர்களை நறுக்கி மேலே ஒட்டினார்கள். பெயரை மாற்ற வேண்டுமா, உரித்துவிட்டு வேறு ஒட்டு. கணினி வந்ததும் ஒரு பம்பின் படம், அம்புக்குறிகள், பெயர்கள் எல்லாவற்றையும் குரூப் ஆக்கிவிடும் வசதி கிடைத்தது. நகர்த்தினால் எல்லாம் சேர்ந்தே நகரும்.

வினை மொழிபெயர்ப்பில் வந்தது. ஜெர்மனுக்குப் போனால் பெயர்கள் நீளும், பெட்டியை அகலப்படுத்த வேண்டும். அதற்காக ஒவ்வொரு படமாகச் சொடுக்கி, குரூப்பைப் பிரிக்கும் கன்ட்ரோல், ஷிப்ட், ஜி. பிரித்தால் உள்ளே இன்னொரு குரூப், அதற்குள்ளும் ஒன்று. நானூறு பக்கக் கையேட்டுக்கு இரவெல்லாம் இதே வேலை.

பக்கமாக்கும் மென்பொருளான இன்டிசைன் 1999இல் வந்தது. 2003இன் சிஎஸ் பதிப்பிலிருந்து ஜாவாஸ்கிரிப்டில் கட்டளை, அதாவது ஸ்கிரிப்ட், எழுதலாம். கையேடுகளுக்கான இன்னொரு மென்பொருளான ஃபிரேம்மேக்கருக்கு அந்த வழி 2011இல், பத்தாம் பதிப்பில் திறந்தது. இன்டிசைனில் இப்போது இரண்டு வரி போதும்: ஆவணத்தின் குரூப்களை எல்லாம் பிரி, குரூப் மிச்சமிருக்கும்வரை திரும்பச் செய். ஒரு முறை பிரித்தால் மேல் அடுக்கு மட்டுமே கழலும் என்பதால்தான் அந்தச் சுற்று.

ஆனால் இந்த இரண்டு வரியை அப்படியே நம்பக் கூடாது. குரூப்புக்கே நிழல் கொடுத்திருந்தால் பிரித்ததும் நிழல் போய்விடும். பூட்டிய பொருளில் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்கும். எழுத்துக்குள் ஆங்கர் செய்த குரூப்கள் அந்தப் பட்டியலிலேயே வராது, தனியாகத் தேட வேண்டும். நிறுவன முத்திரையைப் பிரித்துவிட்டால் வாடிக்கையாளர் நம்மைப் பிரித்துவிடுவார்! அதனால் தொடக்கூடாத குரூப்களுக்கு லேயர்ஸ் பலகத்தில் ‘விடு’ என்று பெயர் வைத்துத் தாண்டச் சொல்கிறோம். அங்கேயும் ஒரு பொறி: தாண்டியவை மிச்சமிருப்பதால் சுற்று முடியவே முடியாது. மிச்சத்தைப் பார்க்காமல், இந்தச் சுற்றில் ஏதாவது பிரிந்ததா என்று பார்த்து நிறுத்த வேண்டும்.

விரல் வேலை போய்விட்டது. எதைப் பிரிக்கலாம், எதை விடலாம் என்று முடிவுசெய்வது இன்னும் ஆளின் வேலைதான். அதை அறியாதவர் கையில் ஸ்கிரிப்ட் கொடுத்தால் ஓர் இரவின் தவறு ஒரு நொடியில் நடக்கும்.

புதிதாக எழுதுபவர்களுக்கு ஒன்று: ஸ்கிரிப்டை மொத்தமாக ஒரே அன்டூவில் திரும்பும்படி ஓட்டும் வசதி இன்டிசைனில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன்னால் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.