பொலிரோ வந்தாலும் ‘ஜீப்’தான்! கம்பத்தில் ஏன் அப்படி?

விடியக்காலையில் கம்பம், போடியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வண்டி எந்த கம்பெனியுடையது என்றாலும், ஊர்க்காரர்கள் வாயில் அது ‘ஜீப்’தான். “ஜீப் வந்துருச்சா?” என்று கேட்டால், வந்து நிற்பது பொலிரோவாக இருக்கலாம்.

என்ன காரணம்? 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது மஹிந்திரா. மலைப்பாதை வண்டி என்றாலே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2000-ல் பொலிரோ வந்தும் மாறவில்லை. ரயில் நிலையத்திலிருந்து ஆளையும் பெட்டியையும் ஏற்றிவந்ததால் பிறந்த ‘ஸ்டேஷன் வேகன்’ என்ற பெயரோ இங்கே எடுபடவே இல்லை.

ஆனால், ஆர்.சி. புக்கில் பார்க்க வேண்டியது வேறு: சொந்த வண்டியா, வாடகை வண்டியா? வெள்ளை போர்டு வண்டியில் காசு கொடுத்துப் போகும்போது விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் இழப்பீட்டில் சிக்கல் வரலாம். ஏறுவதற்கு முன்னால் நம்பர் பிளேட் மஞ்சளா என்று பார்த்துக்கோங்க!