இல்லை என்று சொல்லத் தெரியாத ஃபார்முலா

ஈரோட்டில் மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் வாசகி கடிதம் போட்டிருக்கிறார். பில் போடும் மென்பொருளிலிருந்து இறக்கிய ஷீட்டில் எச்.எஸ்.என். கோடும் தொகையும் மட்டும் இருக்கின்றன. ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்த ஷீட்டில் கோடும் அதற்குரிய பொருளின் விவரமும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்க எக்ஸெலின் வி-லுக்அப் ஃபார்முலாவைப் போட்டால் அரிசிக்கும் கோதுமைக்கும் விவரம் வந்துவிடுகிறது. மஞ்சள், மிளகாய், மல்லி, சீரகம் எல்லாவற்றுக்கும் #என்/ஏ. 'அரிசி மேல் மட்டும் எக்ஸெலுக்கு என்ன பாசம்?' என்று கேட்கிறார்.

பாசம் இல்லை, பூஜ்யம்தான் காரணம். எச்.எஸ்.என். கோடுகளுக்கு அடிப்படையான உலகச் சுங்க அமைப்பின் பட்டியலில் பொருள்கள் அத்தியாயம் அத்தியாயமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. காய்கறி 07, பழம் 08, காபி தேயிலை மசாலா 09, தானியம் 10. முதல் ஒன்பது அத்தியாயங்களின் கோடுகள் பூஜ்யத்தில்தான் தொடங்கும். மஞ்சள் தூளின் கோடு 09103030. இதை எண் என்று எடுத்துக்கொள்ளும் எக்ஸெல், முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று தள்ளிவிட்டு 9103030 என்று வைத்துக்கொள்ளும். மென்பொருள் தரும் சி.எஸ்.வி. கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்தாலே இது நடந்துவிடும். ஆடிட்டர் ஆபீசில் விவரம் தெரிந்தவர் யாரோ, பூஜ்யம் வரும் கோடுகளுக்கு மட்டும் முன்னால் ஒற்றை மேற்கோள்குறி போட்டு அடித்திருக்கிறார். அதனால் அங்கே மஞ்சள் எழுத்தாகவும் அரிசி எண்ணாகவும் பதிவாகியிருக்கின்றன. எழுத்தும் எண்ணும் எக்ஸெலுக்கு ஒட்டாத உறவு. ஜவுளிக் கடைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் சரக்கெல்லாம் 50-க்கு மேல்.

கண்ணாலேயே இதைப் பிடிக்கலாம். நீங்களாக இடம் மாற்றி வைக்காத வரை, எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். எண் வடிவில் இருக்கும் எழுத்துக்கு மூலையில் பச்சை முக்கோணம் ஒன்றும் வரும். போன பூஜ்யத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. எச்.எஸ்.என். கோடு 4, 6 அல்லது 8 இலக்கங்களில்தான் எழுதப்படும், எப்போதும் இரட்டைப்படை. ஆகவே ஐந்து இலக்கமோ ஏழு இலக்கமோ கண்ணில் பட்டால் ஒரு பூஜ்யம் தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்கும்படி ஒரு துணை நெடுவரிசை போட்டு, இரண்டு ஷீட்டிலும் எல்லாக் கோடுகளையும், அரிசி உள்பட, எழுத்தாக மாற்றிவிடுங்கள். கூட்டவும் பெருக்கவும் போகாத எதையும் எண்ணாக வைத்திருக்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி. வங்கிக் கணக்கு எண்ணில் இது இன்னும் மோசம். எக்ஸெல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும்.

கடிதத்துக்குப் பதில் இதோடு முடிந்தது. ஆனால் அவர் எழுதி அனுப்பிய ஃபார்முலாவைப் பார்த்ததும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. அதில் மூன்று விவரங்கள்தான் இருக்கின்றன: எதைத் தேட வேண்டும், எந்தப் பட்டியலில், எத்தனையாவது நெடுவரிசையை எடுத்து வர வேண்டும். நான்காவது இடம் காலி. கம்ப்யூட்டர் சென்டர்களில் 'கடைசியில் கமா போட்டு ஒரு பூஜ்யம் அடிங்க' என்று மந்திரம் போலச் சொல்லிக் கொடுப்பார்கள். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. மறந்தால் என்ன ஆகும் என்றும் சொல்வதில்லை.

அந்த இடத்தில் பூஜ்யமோ ஃபால்ஸோ போட்டால் அதே கோடு கிடைத்தால்தான் பதில், இல்லாவிட்டால் #என்/ஏ. மூன்று விவரங்களோடு நிறுத்திவிட்டால், கேட்டது இல்லாதபோது அதற்குச் சற்றுக் குறைவான கோடு எதுவோ அதன் விவரத்தைத் தரும். எங்கள் தெருவில் முன்பு மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி இப்படித்தான். இல்லை என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. கடலைப்பருப்பு கேட்டால், இருப்பு இல்லாத நாளில், பக்கத்து டின்னிலிருந்து துவரம்பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார். பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

இப்படி ஒரு குணத்தை ஏன் வைத்தார்கள்? வரி அட்டவணைக்காக. 1979-இல் வெளிவந்த விசிகால்க்தான் சொந்தக் கணினிகளுக்கு வந்த முதல் விரிதாள். டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் செய்தது. வி-லுக்அப்பின் முன்னோடியான லுக்அப் அதிலேயே இருந்தது. தன் வருமான வரிக் கணக்கைப் போடுவதற்காகவே அதைச் சேர்த்ததாக ஃபிராங்க்ஸ்டன் எழுதியிருக்கிறார். வரிக்கு இந்தக் குணம்தான் சரி. 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம். 7 லட்சம் என்று ஒரு வரிசை அட்டவணையில் கிடையாது. கீழே இறங்கி 4 லட்சத்தின் வரிசையைப் பிடித்தால்தான் விகிதம் கிடைக்கும். கூரியர் எடைக் கட்டணம், விற்பனைக் கமிஷன் எல்லாம் இதே ஜாதி. 1985-இல் எக்ஸெலின் முதல் பதிப்பு மெக்கின்டாஷுக்கு வந்தபோதே வி-லுக்அப்பும் அதில் இருந்தது. உலகமே அதைக் கோடு தேடப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகும் அந்தப் பழைய குணம் மட்டும் மாறவில்லை.

கோடு பட்டியலில் இருந்தாலும் தப்பாகச் சொல்லும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விபரீதம். நான்காவது இடம் காலியாக இருந்தால் எக்ஸெல் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்று நம்பி நடுவில் போய் நிற்கும். நடுவில் இருப்பது பெரிதாக இருந்தால் மேல்பாதி, இல்லாவிட்டால் கீழ்ப்பாதி. மறுபடி அந்தப் பாதியின் நடு. கடையின் சொந்தக் கோடுகள் இந்த வரிசையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: 104, 220, 310, 150, 405, 118, 512. இதில் 118 பெருங்காயம், 104 மஞ்சள் தூள். 118-ஐத் தேடினால் முதலில் நடுவில் உள்ள 150. அது பெரிது, எனவே மேல்பாதி. அங்கே நடுவில் 220, அதுவும் பெரிது. மிச்சம் 104. 'இதுதான் கிட்டத்தில் இருக்கிறது' என்று மஞ்சள் தூளைத் தந்துவிடும். பெருங்காயம் கீழே ஆறாவது வரியில் சும்மா உட்கார்ந்திருக்கும். பெருங்காயத்தை மஞ்சள் விலைக்குக் கொடுத்தால் கடை என்னத்துக்கு ஆகும்? பட்டியலின் கடைசியில் புதுச் சரக்கைச் சேர்த்துக்கொண்டே போகிற எல்லாக் கடைகளிலும் இது நடக்கக் கூடியது. சிவப்பு எழுத்து எதுவும் வராது.

அதனால்தான் #என்/ஏ வந்தால் எனக்குச் சந்தோஷம். அது பிழை அல்ல, 'என்னிடம் இல்லை' என்ற நேர்மையான பதில். பல அலுவலகங்களில் இதைக் கண்டாலே முகம் சுளித்து, இஃப்எரர் என்ற இன்னொரு ஃபார்முலாவை மேலே போர்த்தி, #என்/ஏ வரும் இடத்தில் பூஜ்யமோ வெற்றிடமோ காட்டச் செய்கிறார்கள். ரிப்போர்ட் பார்க்க லட்சணமாக இருக்கும். விலை தெரியாத சரக்கு விலையில்லாச் சரக்காகிக் கூட்டுத்தொகையில் கரைந்துவிடும். ஃபார்முலாவின் பெயரில் எழுத்துப்பிழை விழுந்திருந்தால்கூட அதே போர்வை மூடிவிடும். இது அழகுபடுத்துவது அல்ல, ஆளை வாயைக் கட்டி உட்கார வைப்பது. #என்/ஏ கண்ணில் படவே கூடாதென்றால் 'பட்டியலில் இல்லை' என்று தமிழிலேயே எழுதி வரச் செய்யலாமே.

2019-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த எக்ஸ்-லுக்அப்பில் எதுவும் சொல்லாவிட்டால் அதே கோடைத்தான் தேடும். கிடைக்காதபோது என்ன எழுத வேண்டும் என்பதற்கும் தனி இடம் உண்டு. கூகுள் ஷீட்ஸிலும் வந்துவிட்டது. வாசகியின் கடையில் இருப்பது பழைய எக்ஸெல் என்பதால் அவருக்கு வி-லுக்அப்தான், கடைசியில் பூஜ்யத்தோடு.

இவ்வளவும் செய்த பிறகும் சில வரிகளில் #என்/ஏ நிற்கும். ஃபில்டர் போட்டு அவற்றை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் கோடுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். ட்ரிம் ஃபார்முலா போட்டால் போய்விடும். மிச்சமிருப்பவை ஆடிட்டரின் பட்டியலில் இன்னும் ஏறாத சரக்குகள். அந்த ஷீட்டை அப்படியே அவருக்கு அனுப்பிவிடுங்கள், சேர்க்க வேண்டியது அவர் வேலை.